ஓர் ஆறு... ஆறு பெயர்!

குட்டீஸ், முதலில் ஒரு விடுகதை.

கயிலாய மலைக்குப் பக்கத்தில் பிறப்பேன். கிழக்கே ஆயிரம் மைல் நடப்பேன். மலை முட்டினால் வளைந்து திரும்புவேன். அப்புறம் மேற்கே ஓடுவேன். கடைசியில் தெற்கே போய்க் கடலில் விழுவேன். மூன்று நாடுகளைப் பார்ப்பேன். போகிற இடமெல்லாம் பெயரை மாற்றிக்கொள்வேன். நான் யார்?

கங்கையா? இல்லை. சிந்துவா? அதுவும் இல்லை. "பிரம்மபுத்திரா" என்று சொன்னவர்களுக்கு ஒரு சபாஷ்!

நம் காவிரி குடகில் தொடங்கிப் பூம்புகாரில் கடலைச் சேர்வதற்குள் சுமார் 800 கிலோமீட்டர் ஓடுகிறது. பிரம்மபுத்திராவோ சுமார் 2,900 கிலோமீட்டர் ஓடுகிறது. அதாவது மூன்றரைக் காவிரிகளை வரிசையாக இணைத்தால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு! இதில் பாதிக்கும் மேல், சுமார் 1,600 கி.மீ., சீனாவின் ஆளுகையில் உள்ள திபெத்தில். அடுத்த 900 கி.மீ. சொச்சம் நம் அருணாசலப் பிரதேசத்திலும் அசாமிலும். மீதி பங்களாதேஷில்.

அட்லஸ் இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விரலை வைத்து இந்த ஆற்றோடு கூடவே போவோம். ஓர் ஆற்றுக்கு ஆறு பெயர் என்றோம் அல்லவா? ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வாருங்கள்.

பெயர் 1: யார்லுங் சாங்போ

மேற்குத் திபெத்தில், மானசரோவர் ஏரிக்குத் தென்கிழக்கே, இமயமலையின் வடக்குச் சரிவில் இருக்கும் பனியாறுகளில்தான் நம் ஆறு பிறக்கிறது. அந்த இடத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கும் மேல். ஊட்டியைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம்!

இதே வட்டாரத்தில்தான் சிந்து நதியும் பிறக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்த இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு திசையில் கிளம்புகிறார்கள். சிந்து மேற்கே போய், பாகிஸ்தான் வழியாக அரபிக் கடலைச் சேர்கிறது. நம் ஆள் கிழக்கே போய் வங்கக் கடலைச் சேர்கிறது. நடுவில் இமயமலை. யாரோ இரண்டு கைகளையும் நீட்டி இமயத்தை அணைத்துக்கொண்டது போல இருக்கும், வரைபடத்தில் பாருங்கள்.

திபெத்தில் இதன் பெயர் யார்லுங் சாங்போ. இது ஏன் நேராகக் கிழக்கே ஓடுகிறது தெரியுமா? பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தனித் தீவு போல மிதந்து வந்த இந்திய நிலத்தட்டு, ஆசிய நிலத்தட்டோடு மோதியது. அந்த மோதலில் மடிந்து எழும்பியதுதான் இமயமலை. இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு தையல்கோடு தெரியும் இல்லையா? அதுபோல இரண்டு தட்டுகளும் ஒட்டிய இடத்தில் ஒரு நீளமான கோடு விழுந்தது. சாங்போ பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் ஓடுகிறது.

இங்கே மழை குறைவு. காற்று அதிகம். கரையில் மணல் மேடுகள்கூட உண்டு. வளைத்த குச்சிகளின் மேல் யாக் எருமையின் தோலைப் போர்த்திய படகில்தான் அந்தக் காலத்தில் ஆற்றைக் கடந்தார்கள். நம் ஒகேனக்கல் பரிசலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

காணாமல் போன ஆறு

இப்போது ஒரு கதை. கதை என்றால் கற்பனை இல்லை, உண்மையில் நடந்தது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, சாங்போ எங்கே போகிறது என்று உலகத்துக்குத் தெரியாது. திபெத்தில் அது கிழக்கே ஓடி, மலைகளுக்குள் நுழைந்து மறைந்துவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் அசாமில் பிரம்மபுத்திரா வருகிறது. இரண்டும் ஒரே ஆறா? சாங்போ ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் மறைகிறது. அசாமில் ஆறு வெளியே வரும் இடமோ 200 மீட்டர்கூட இல்லை. அப்படியானால் நடுவில் நயாகராவைப் போலப் பல மடங்கு பெரிய அருவி இருக்குமோ? "அது பிரம்மபுத்திராவே இல்லை, பர்மாவின் ஐராவதி ஆறு" என்றுகூடச் சிலர் அடித்துச் சொன்னார்கள்.

போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? அப்போது திபெத்துக்குள் வெளிநாட்டவர் நுழையத் தடை. அதனால் இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். இமயமலைப் பகுதி மக்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, யாத்திரிகர் வேடத்தில் அனுப்பினார்கள். கால் அடிகளை எண்ணித்தான் தூரத்தை அளக்க வேண்டும். கையில் ஜெபமாலை இருக்கும். வழக்கமாக அதில் 108 மணிகள். இவர்களுடைய மாலையில் மட்டும் 100 மணிகள், எண்ணச் சுலபமாக! பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத் தாளுக்குப் பதிலாக அளவுக் குறிப்புகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். 1865-ல் புறப்பட்ட நயன் சிங் என்பவர் இப்படித்தான் லாசா வரை அளந்துவிட்டு வந்தார்.

1880-ல் இன்னொருவர் கிளம்பினார். பெயர் கின்டுப். டார்ஜிலிங்கில் இருந்த தையல்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் குறிப்பெழுத ஒரு லாமாவைக் கூட அனுப்பினார்கள். அவர்களை அனுப்பிய அதிகாரி ஹார்மன் சொன்ன வேலை இதுதான்: சாங்போ மறையும் இடத்துக்குப் போங்கள். அடையாளம் போட்ட மரக்கட்டைகளை நாளைக்கு 50 வீதம் பத்து நாள் ஆற்றில் விடுங்கள். அசாமில் ஆள் வைத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். கட்டைகள் அங்கே வந்து சேர்ந்தால், இரண்டும் ஒரே ஆறு!

எவ்வளவு எளிய யோசனை! ஆனால் நடந்தது வேறு. கூட வந்த லாமா வழியெல்லாம் பொழுதைப் போக்கினார். கடைசியில், ஓர் ஊர்த் தலைவரிடம் கின்டுப்பை அடிமையாக விற்றுவிட்டு, தன் ஊருக்குப் போய்விட்டார். கின்டுப்புக்குத் தான் விற்கப்பட்டதே பிறகுதான் தெரிந்தது.

பல மாதங்கள் அடிமை வேலை. ஒருநாள் தப்பித்தார். டார்ஜிலிங்குக்கா ஓடினார்? இல்லை! ஆற்றின் போக்கிலேயே கீழே போனார். துரத்தி வந்தவர்கள் பிடிக்க வந்தபோது, ஒரு மடத்தின் தலைவர் காலில் விழுந்தார். அவர் இரக்கப்பட்டு, 50 ரூபாய் கொடுத்துக் கின்டுப்பை வாங்கிக்கொண்டார். இப்போது அவர் மடத்து அடிமை.

"சாமி, புனித யாத்திரை போக விடுமுறை வேண்டும்" என்று கேட்டார் கின்டுப். கிடைத்தது. அந்த விடுமுறையில் காட்டுக்குள் போய், ஒவ்வொன்றும் ஓர் அடி நீளத்தில் 500 கட்டைகளை வெட்டினார். ஒரு குகையில் ஒளித்து வைத்தார். மடத்துக்குத் திரும்பினார். மறுபடி யாத்திரைக்கு விடுமுறை கேட்டு, லாசா வரை நடந்தார். அங்கே ஒருவரைப் பிடித்துக் கடிதம் எழுதவைத்தார். எந்தத் தேதிகளில் கட்டைகளை விடப்போகிறேன் என்று ஹார்மனுக்குச் சேதி. மறுபடி மடத்துக்கு வந்து வேலை செய்தார். பிறகு மடத்தலைவர் அவரை விடுதலை செய்தார். சொன்ன தேதி வந்தது. நாளைக்கு 50 கட்டைகள். பத்து நாட்கள். 500 கட்டைகளும் ஆற்றோடு போயின.

அசாமில் அவற்றைப் பார்க்க யாரும் இல்லை. கடிதம் உரிய நேரத்தில் போய்ச் சேரவே இல்லை. ஹார்மன் உடல்நலம் கெட்டு, முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டார். கட்டைகள் யார் கண்ணிலும் படாமல் மிதந்து போய்விட்டன.

கின்டுப் அதற்குப் பிறகும் ஆற்றோடு நடந்து, அசாம் சமவெளிக்கு அருகே வரை வந்து பார்த்துவிட்டு, 1884-ல் டார்ஜிலிங் திரும்பினார். நான்கு ஆண்டுப் பயணம்! தான் பார்த்ததையெல்லாம் நினைவிலிருந்தே சொன்னார். ஆனால் "எழுத்தறிவில்லாத ஆள் சொல்வதை எப்படி நம்புவது?" என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அவர் பழையபடி தையல் மிஷினுக்கே போனார்.

1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு அதிகாரிகள் அந்த மலைப்பகுதியில் நடந்தார்கள். கின்டுப் சொன்ன ஊர்கள், வளைவுகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆற்றில் 150 அடி அருவி இருப்பதாக அவருடைய அறிக்கையில் எழுதியிருந்த ஒரு விஷயம்தான் தவறு. அதுவும் கின்டுப் செய்த தவறு இல்லை. ஒரு சிற்றோடையின் அருவியைப் பற்றி அவர் சொன்னதை, எழுதியவர்கள் பெரிய ஆற்றோடு சேர்த்து எழுதிவிட்டார்கள்! பெய்லி அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். அரசிடமிருந்து 1,000 ரூபாய் பரிசு வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு சிறிது காலமே கின்டுப் உயிரோடு இருந்தார்.

சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒன்றே என்று இன்று நம் புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது.

பெயர் 2: சியாங்

சாங்போ மறையும் இடத்தில் என்னதான் இருக்கிறது? 7,782 மீட்டர் உயரமுள்ள நம்சா பர்வா, 7,294 மீட்டர் உயரமுள்ள கியாலா பேரி என்று இரண்டு சிகரங்கள். அவற்றுக்கு நடுவில் நுழைந்து, கொண்டை ஊசி போல வளைந்து, ஆறு தெற்கே திரும்புகிறது. இதற்குப் 'பெருவளைவு' என்று பெயர். உலகத்தின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்று இது. சிகரத்தின் உச்சியிலிருந்து ஆறு வரை அளந்தால் சில இடங்களில் 5,000 மீட்டருக்கும் மேல் ஆழம். ஆறு இங்கே ஓடவில்லை. குதிக்கிறது, உருள்கிறது, சீறுகிறது. ஒரே பெரிய அருவிக்குப் பதிலாக, வழி நெடுக எண்ணற்ற பாய்ச்சல்கள். அப்படித்தான் அவ்வளவு உயரத்தையும் இறங்குகிறது.

அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைந்ததும் அதன் பெயர் சியாங். இங்கே கரையில் வாழ்கிறவர்கள் ஆதி பழங்குடி மக்கள். பிரம்பையும் மூங்கிலையும் முறுக்கிக் கட்டிய தொங்கு பாலங்களில் ஆற்றைக் கடப்பதில் கெட்டிக்காரர்கள். ஆணி கிடையாது, சிமென்ட் கிடையாது. நடக்க நடக்கப் பாலம் ஊஞ்சலாடும்!

பாசிகாட் என்ற ஊரில் மலை முடிகிறது. சமவெளி தொடங்குகிறது.

மழையில்லாமல் வந்த வெள்ளம்

2000-ம் ஆண்டு ஏப்ரலில் திபெத்தில் ஒரு மலைச்சரிவு. சாங்போவின் துணை ஆறுகளில் ஒன்றான யீகோங்கில், மலையே சரிந்து விழுந்து ஆற்றை அடைத்துவிட்டது. மண்ணாலான அந்த இயற்கை அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கித் தேங்கி இரண்டு மாதங்களில் பெரிய ஏரியாகிவிட்டது. ஜூன் மாதம் அணை உடைந்தது.

இந்தியப் பக்கம் இருந்தவர்களுக்குத் தகவல் எதுவும் வரவில்லை. திடீரென்று சியாங்கில் நீர் மட்டம் எகிறியது. பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பலர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். "வெள்ளம் வருகிறது" என்று மேலேயிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால், மேட்டுக்கு ஓடியிருக்கலாம்.

இதற்குப் பிறகு 2002-ல் இந்தியாவும் சீனாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. வெள்ளக் காலத்தில், திபெத்தில் மூன்று இடங்களில் அளக்கப்படும் நீர் மட்டத்தையும் மழை அளவையும் சீனா இந்தியாவுக்குச் சொல்ல வேண்டும். 2017-ல் எல்லையில் இரு நாடுகளுக்கும் பிரச்சினை வந்தபோது அந்த ஆண்டு தகவல் வரவில்லை. மறு ஆண்டு மீண்டும் வந்தது. உடன்பாட்டின் காலம் 2023-ல் முடிந்தது. அதன் பின்னரும் இது பற்றி இரு நாடுகளும் பேசியிருக்கின்றன. கின்டுப்பின் கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேராத கதை நினைவிருக்கிறதா? ஆற்றைப் பொறுத்தவரை, சேதி நேரத்துக்கு வருவதுதான் எல்லாமே!

பெயர் 3: பிரம்மபுத்திரா

பாசிகாட்டுக்குக் கீழே சியாங், திபாங், லோஹித் ஆகிய மூன்று ஆறுகளும் கைகோக்கின்றன. இங்கிருந்துதான் பெயர் பிரம்மபுத்திரா. பிரம்மாவின் புத்திரன் என்று பொருள். கங்கை, யமுனை, காவிரி எல்லாம் பெண் பெயர்கள். இது ஆண் பெயர்!

அசாமில் இதன் அகலம் சில இடங்களில் 10 கிலோமீட்டரையும் தாண்டும். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது. ஒரே வாய்க்காலாக ஓடாமல், பின்னிய சடை போலப் பிரிந்து சேர்ந்து, பிரிந்து சேர்ந்து ஓடும். நடுநடுவே மணல் திட்டுகள். அசாம் மக்கள் அவற்றைச் 'சாபோரி' என்பார்கள். குவாஹாட்டிக்கு அருகே சராய்காட் என்ற இடத்தில் மட்டும் மலைகளுக்கு நடுவே குறுகிவிடுகிறது. 1671-ல் அகோம் தளபதி லாசித் பர்புகன், முகலாயரின் பெரும்படையை இந்தக் குறுகலில்தான் படகுப் போரில் தோற்கடித்தார். அசாமில் பிரம்மபுத்திராவின் முதல் பாலமும் இங்கேதான், 1962-ல் வந்தது. அதற்கு முன்பு இரயிலில் வந்தவர்கள் இறங்கிப் படகேறி, அக்கரையில் வேறு இரயில் பிடிக்க வேண்டும்.

1950 ஆகஸ்ட் 15. நாடு சுதந்திர தினம் கொண்டாடிக்கொண்டிருந்த அன்று மாலை, அசாம் எல்லையில் 8.6 அளவுள்ள பெரும் பூகம்பம். மலைகள் சரிந்து, மண்ணும் பாறையும் ஆறுகளில் கொட்டின. பிரம்மபுத்திராவின் படுகை மேடானது. பாத்திரத்தில் பாதி மண்ணை நிரப்பிவிட்டு, அதே அளவு தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? வழியும்! அதன் பிறகு வெள்ளமும் கரை அரிப்பும் அதிகமாகிவிட்டன. பழைய சதியா நகரம் ஆற்றுக்குள்ளேயே போய்விட்டது.

கரையும் தீவு, வளரும் காடு

ஆற்றின் நடுவே மாஜுலி என்று ஒரு தீவு. ஒரு மாவட்டமே இந்தத் தீவுதான். வைணவ மடங்களும், மூங்கிலும் களிமண்ணும் வைத்துச் செய்யும் முகமூடிகளும் இங்கே பிரபலம். மிசிங் பழங்குடியினர் தூண்கள் மேல் வீடு கட்டிக்கொள்கிறார்கள். வெள்ளம் கீழே போகும். அவர்கள் மேலே இருப்பார்கள்.

ஆனால் வெள்ளத்தை விடவும் பெரிய கவலை ஒன்று உண்டு. கடற்கரையில் மணல் வீடு கட்டியிருக்கிறீர்கள் அல்லவா? அலை வந்து அடியில் அரித்ததும் மேல்பகுதி பொத்தென்று விழும். மாஜுலியின் கரையும் அப்படித்தான் விழுந்துகொண்டிருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு 1,200 சதுர கி.மீ.க்கு மேல் இருந்த தீவு, இன்று அதில் பாதிகூட இல்லை. வீடு, வயல், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டு மக்கள் இடம் மாற வேண்டியிருக்கிறது. வெள்ளம் வந்தால் வடிந்துவிடும். ஆற்றுக்குள் போன நிலம் திரும்பி வராது.

இதைப் பார்த்துச் சும்மா இருக்காத ஒருவர் ஜாதவ் பயேங். 1979-ல் அவருக்குப் பதினாறு வயதுதான். ஜோர்ஹாட் அருகே ஒரு மணல் திட்டில், வெள்ளத்தில் ஒதுங்கிய பாம்புகள் நிழலே இல்லாமல் வெயிலில் செத்துக் கிடந்ததைப் பார்த்தார். அங்கே மூங்கில் நட்டார். பிறகு மரங்கள். வருடக் கணக்காக, தினம் தினம் நட்டார். இன்று அது 500 ஹெக்டேருக்கு மேல் பரந்த காடு! யானைகள் வந்து போகின்றன. அரசு அவருக்கு 2015-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

வெள்ளம் என்றாலே கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தென்கரையில் காசிரங்கா தேசியப் பூங்கா இருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் அங்கே 2,613 ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. ஆண்டுதோறும் வரும் வெள்ளம்தான் அங்கே புதிய வண்டலைப் பரப்பி, குளங்களை நிரப்பி, புல்லைச் செழிக்க வைக்கிறது. வெள்ளம் அளவுக்கு மீறும்போது விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி மலைக்குப் போகும். அப்போது வாகனங்கள் மெதுவாகத்தான் போக வேண்டும். எத்தனை மணிக்கு நுழைந்தார்கள் என்று நேர அட்டை கொடுத்துச் சரிபார்ப்பார்கள். சீக்கிரம் வந்து சேர்ந்தால் அபராதம்!

பெயர் 4: ஜமுனா

துப்ரி நகரைத் தாண்டியதும் அடுத்த எல்லை. பங்களாதேஷ்! இங்கே பெயர் ஜமுனா. டெல்லி வழியாக ஓடும் யமுனை வேறு, இது வேறு. தேர்வில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

250 ஆண்டுகளுக்கு முன்பு ஆறு இந்த வழியில் ஓடவே இல்லை. கிழக்கே மைமன்சிங் ஊர்ப் பக்கமாக ஓடியது. 1787-ல் ஒரு பெரு வெள்ளத்தில் டீஸ்டா ஆறு பாதை மாறி வந்து இதில் சேர்ந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பிரம்மபுத்திராவும் பழைய பாதையை விட்டுவிட்டு, மேற்கே இருந்த ஒரு சிறிய ஓடை வழியாகத் திரும்பிவிட்டது. அந்த ஓடைதான் இன்றைய பிரமாண்டமான ஜமுனா. பழைய பாதையில் இன்றும் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறது. அதன் பெயர் 'பழைய பிரம்மபுத்திரா'!

இங்கேயும் மணல் திட்டுகள் உண்டு. வங்காளிகள் 'சர்' என்பார்கள். இலட்சக்கணக்கானோர் அவற்றில் வாழ்கிறார்கள். திட்டு கரையத் தொடங்கினால், தகர வீட்டைப் பிரித்துப் படகில் ஏற்றி, அடுத்த திட்டுக்குப் போய்விடுவார்கள். பங்களாதேஷின் வடமேற்கில், மழைக்காலத்தில் வழியெல்லாம் நீராகிவிடும் ஊர்களில், 2002 முதல் படகுப் பள்ளிகள் நடக்கின்றன. நாம் பள்ளிக்குப் போகிறோம். அங்கே பள்ளி வீட்டுக்கு வருகிறது! கரை கரையாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, படகிலேயே பாடம் நடத்தி, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

பெயர் 5: பத்மா, பெயர் 6: மேக்னா

கோலந்தோ என்ற இடத்துக்கு அருகே ஜமுனாவும் கங்கையும் சேர்கின்றன. கங்கைக்கு பங்களாதேஷில் பத்மா என்று பெயர். சேர்ந்த பிறகும் பத்மாதான். பத்மா மேலும் ஓடி, இலிஷ் மீனுக்குப் பெயர்போன சாந்த்பூருக்கு அருகே மேக்னாவோடு கலக்கிறது. அங்கிருந்து பெயர் மேக்னா. அந்தப் பெயரோடுதான் வங்கக் கடலில் இறங்குகிறது.

கணக்கு சரியா? யார்லுங் சாங்போ, சியாங், பிரம்மபுத்திரா, ஜமுனா, பத்மா, மேக்னா. ஆறு பெயர்!

இந்த ஆறுகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுதோறும் சுமார் 100 கோடி டன் மண்ணைக் கொண்டுவருகின்றன. அதில் உருவானதுதான் உலகின் மிகப் பெரிய டெல்டா. மீதி மண் கடலுக்கு அடியில் விசிறி போலப் பரவி, இலங்கையையும் தாண்டித் தெற்கே போகிறது. மெரினாவில் நின்று பார்க்கிறோமே, அந்தக் கடலின் ஆழத்தில் இமயமலையின் மண் படுத்திருக்கிறது!

யாருடைய தண்ணீர்?

இவ்வளவு பெரிய ஆற்றை யார் எப்படிப் பகிர்ந்துகொள்வது? காவிரிக்கே இரண்டு மாநிலங்கள் எத்தனை ஆண்டுகள் நீதிமன்றம் போயின! இங்கே மூன்று நாடுகள். மூன்றும் சேர்ந்து செய்துகொண்ட நீர்ப் பகிர்வு ஒப்பந்தம் எதுவும் இல்லை.

2025 ஜூலையில், பெருவளைவுப் பகுதியில் சீனா மிகப் பெரிய நீர்மின் திட்ட வேலையைத் தொடங்கியது. திட்டமிட்ட அளவு சுமார் 60,000 மெகாவாட். ஏற்கெனவே உலகின் பெரிய நீர்மின் நிலையமாக இருக்கும் சீனாவின் 'மூன்று பள்ளத்தாக்கு' அணை 22,500 மெகாவாட்தான். கீழே இருக்கும் இந்தியாவும் பங்களாதேஷும் இதனால் கவலைப்படுகின்றன. இந்தியாவும் சியாங்கில் ஓர் அணை கட்டத் திட்டமிட்டிருக்கிறது. "எங்கள் ஊர்கள் மூழ்கிவிடுமே" என்று ஆதி மக்களில் பலர் அதை எதிர்க்கிறார்கள். பங்களாதேஷோ எல்லோருக்கும் கீழே, கடைசி வீடு. இந்தியாவிலிருந்து மட்டும் 50-க்கும் மேற்பட்ட ஆறுகள் அந்த நாட்டுக்குள் போகின்றன.

அப்படியானால் மேலே குழாயை மூடினால் கீழே ஆறு வற்றிவிடுமா? அப்படியும் இல்லை. திபெத்தில் பெருவளைவுக்கு முன்பு ஆண்டுக்கு ஒரு குடம் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், பங்களாதேஷில் சுமார் இருபது குடம் ஓடுகிறது. நடுவில் பெய்யும் பருவமழையும், வந்து சேரும் துணை ஆறுகளும்தான் அவ்வளவையும் கொட்டுகின்றன. ஆகவே பயம் 'தண்ணீர் வராது' என்பது மட்டுமில்லை. எப்போது வரும், எவ்வளவு வரும், முன்கூட்டியே சொல்வார்களா, வண்டல் மண் வருமா என்பவைதான் பெரிய கேள்விகள். பெருவளைவுப் பகுதி பூகம்பம் வருகிற இடம் என்பதும் நினைவிருக்கட்டும்.

மேலே இருப்பவர் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் கேட்க விழித்திருக்க வேண்டும். கின்டுப் 500 கட்டைகளை விட்டார். கீழே பார்க்க ஆளில்லை. 2000-ல் கீழே ஆட்கள் இருந்தார்கள். மேலேயிருந்து சேதி இல்லை. இரண்டும் சேர்ந்து அமைகிற நாளில்தான் கரையில் இருக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியும். நீங்கள் பெரியவர்களாகி, வெளியுறவு அதிகாரியாகவோ நீரியல் பொறியாளராகவோ ஆனால், இந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கும்!

விரலை அட்லஸிலிருந்து எடுத்துவிடலாம். கீழே உள்ள கேள்விகளுக்குப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள்.

1. திபெத்தில் பிரம்மபுத்திராவின் பெயர் என்ன?
2. வேவு போனவர்களின் ஜெபமாலையில் எத்தனை மணிகள்?
3. பெருவளைவின் அருகே உள்ள இரண்டு சிகரங்கள் எவை?
4. சராய்காட் போர் எந்த ஆண்டு நடந்தது?
5. பத்மாவும் மேக்னாவும் சேரும் இடத்தருகே உள்ள ஊர் எது?

விடைகள்: 1. யார்லுங் சாங்போ. 2. நூறு. 3. நம்சா பர்வா, கியாலா பேரி. 4. 1671. 5. சாந்த்பூர்.